கட்டி என்றுதான் சொன்னேன்

7-6-98, ஞாயிறு

அம்மா துணி காயப் போடும்போது வலது கையை மட்டும் தூக்குகிறாள். புடவையைச் சுருட்டி ஒரு கையால் கொடிமேல் எறிகிறாள். தங்காமல் விழுந்தால் எடுத்து மறுபடி எறிகிறாள். முன்பெல்லாம் இரண்டு கையாலும் உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து இழுத்துவிடுவாள். இன்று மூன்று முறை எறிந்தாள். நான் போய் வாங்கிக்கொண்டேன். "நீ எதுக்குடி ஓடியார?" என்றாள்.

10-6-98

கையில் என்ன என்று கேட்டேன். சுளுக்கு என்றாள். சுளுக்கு எத்தனை நாள் இருக்கும்?

13-6-98, சனி

மழை. குழாயடியில் ஆளில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். வரிசை இருந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். மராட்டி எனக்குப் புரியும். விஷ்ராந்த்வாடிக்கு வந்து மூன்று வருஷமாகிறது, இந்தச் சாலில், வரிசையாக ஒட்டியிருக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், அங்கே நின்று நின்று காதில் விழுந்ததுதான். பேசத்தான் வருவதில்லை.

குடியாத்தத்தில் மாமா வீட்டிலிருந்து எட்டாவது வரை படித்தேன். அப்பா எங்களை இங்கே அழைத்துவந்தபோது மராட்டிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். கடைசி பெஞ்சில் நான் மட்டும் பனைமரம். நாலு மாதம் போனேன். அப்புறம் போகவில்லை. அம்மா திட்டவில்லை. நான் வீட்டில் இருந்தால் அவளுக்குப் பேச ஆள் கிடைக்கும். அவளுக்கு வருவது ஆஹே, நாஹீ, மலா, பஸ் – இருக்கு, இல்லை, எனக்கு, போதும் – இந்த நாலு வார்த்தை.

முன்பு பக்கத்து வீட்டு சுமன் காக்கூ (இங்கே சித்தியைக் காக்கூ என்பார்கள்) தினமும் மத்தியானம் வருவார். அம்மா தமிழில் பேச, அவர் மராட்டியில் பேச, இருவரும் கீரை ஆய்வார்கள். எப்படித்தான் புரிந்ததோ. பொங்கலுக்கு அப்புறம் அவர் வருவதில்லை. ஏதோ மனஸ்தாபம். கேட்டால் அம்மா வேறு பக்கம் பார்க்கிறாள்.

19-6-98, வெள்ளி

அம்மாவால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றாள், நான் கேட்காமல் உள்ளே போனேன். இடது பக்கம், மாரில். பெரிய நெல்லிக்காய் அளவு. மேலே தோல் உள்ளே இழுத்துக்கொண்டு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

நான் தண்ணீர் ஊற்றினேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது இதை. "அம்மாவுக்கு இங்க கட்டி" என்று என்மேல் கைவைத்துக் காட்டினேன். அப்பா என் கையைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.

3-7-98, வெள்ளி

சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதன் முடிவு வந்துவிட்டது. அப்பா டிப்போவில் லீவு போட்டு வந்திருந்தார். டாக்டர் அம்மாவை எடை பார்க்க அனுப்பிவிட்டு அப்பாவிடம் ஹிந்தியில் சொன்னார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். ஹிந்தியும் எனக்குக் கொஞ்சம் புரியும். கேன்சர். ஒரு பக்கம் முழுவதும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, மொத்தம் ஆறு.

அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் பேசி முடித்த பிறகும் ஆட்டினார்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார். "கட்டின்னு சொல்லு. எடுத்துட்டா சரியாப்பூடும்னு சொல்லு. அந்தப் பேரை அவ காதுல போட்டா அன்னிக்கே பூடுவா. எங்க பெரிப்பாவுக்குச் சொன்னாங்க. மூணாம் நாளு பொணம்."

அம்மா எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னாடி சொன்னாரு?"

"கட்டிதாம்மா. எடுத்துடலாமாம்."

பொய் இல்லை. கட்டிதானே?

14-7-98

ஆபரேஷன். எடுத்துவிட்டார்கள்.

22-7-98

வீட்டுக்கு வந்துவிட்டோம். சாலில் எல்லோரிடமும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று அப்பா சொல்லிவைத்திருக்கிறார். கட்டியோடு சேர்த்து முழுசாக எடுத்ததைப் பற்றி அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். சீழ் பிடிக்காமல் இருக்க என்றேன். குளிக்கும்போது இப்போது உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாள்.

மத்தியானம் சுமன் காக்கூ ஒரு கிண்ணத்தில் ஜவ்வரிசிக் கிச்சடி கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். கூப்பிடவில்லை. திரும்பிப் போய்விட்டார். கதவிடுக்கில் பார்த்தேன். உள்ளே வந்தால் ஒட்டிக்கொள்ளுமா என்ன? எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உப்பு கம்மி" என்றாள். ஆனால் முழுவதும் சாப்பிட்டாள்.

6-8-98, வியாழன்

முதல் ஊசி. அப்பாவுக்கு லீவு இல்லை. நானும் அம்மாவும் மட்டும் பஸ்ஸில் போனோம். டாக்டர் என்னிடம் மராட்டியில் கேட்பார், நான் அம்மாவிடம் தமிழில் கேட்பேன், அவள் சொல்வதை நான் மராட்டியில் சொல்ல வேண்டும். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மோட்யானே போல்!" என்று நர்ஸ் இரண்டு முறை அதட்டினாள், சத்தமாகப் பேசு என்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் இன்னும் குறைந்துவிட்டது.

மருந்து சிவப்பாக இருந்தது. ரோஜா சர்பத் மாதிரி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாத்துக்குடி?"

சிவப்புதான் கண்ணில் இருந்தது. "ரத்தம் ஊறுறதுக்கும்மா. ஆபரேஷன்ல நெறைய போச்சில்ல."

அம்மா கையை நன்றாக நீட்டிக் கொடுத்தாள்.

கட்டி என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. இது நானாகச் சொன்னது.

7-8-98

பதினொரு தடவை வாந்தி. "ரத்தம் ஊறுறதுக்குமா இப்படிக் கொமட்டும்?" சூடும்மா என்றேன். மோர் கரைத்துக் கொடுத்தேன். அதுவும் வந்துவிட்டது.

23-8-98, ஞாயிறு

சீப்பு நிறைய முடி. தலையணையில் முடி. சோற்றில் முடி. அம்மா அதைச் சேர்த்து உருட்டி ஜன்னலில் வைத்திருக்கிறாள், எறிய மனமில்லாமல். "இதுவும் சூடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னும் எத்தனையைச் சூட்டின் தலையில் போடுவது?

27-8-98, வியாழன்

இரண்டாவது ஊசி. கணபதிப் பந்தல் ஒலிபெருக்கி ஆஸ்பத்திரிக்குள் வரைக்கும் கேட்டது.

ஊசி போட்டு வெளியே வரும்போது அம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். "ஐயோ மாரியாத்தா" என்று. எதிரே பதினோராம் நம்பர் அறை. கதவில் 'கர்கரோக்' என்று மராட்டியில் எழுதியிருக்கிறது, கேன்சர் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் உதவி மையம் என்று. அந்தப் பக்கமே போகாதே என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது என்றாலும் உள்ளே இருப்பவர்கள் வாயை யார் மூடுவது?

உள்ளேயிருந்து ஒரு குரல். "யாரும்மா அது, தமிழ்ல வாந்தி எடுக்கறது?"

குண்டாக ஒரு அம்மா வந்தார். கழுத்தில் சிலுவை. பெயர் அந்தோணியம்மாள், ஆம்பூர்க்காரர், கட்கியில் இருபது வருஷமாக இருக்கிறார். குடியாத்தம் என்றதும் அம்மாவை அப்படியே அணைத்துத் தூக்கி உள்ளே கட்டிலில் போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அறையை எல்லோரும் டீ ரூம் என்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், பெரிய கெட்டில். டீக்குக் காசு வாங்குவதில்லை. ஒரு அம்மா வெளியூர்க்காரர்களுக்கு ரயில் சலுகைப் படிவம் எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் யாருக்காகவோ எக்ஸ்ரே வரிசையில் இடம் பிடிக்கப் போனார். தேஜஸ்வினி தாயி என்று ஒருத்தி (தாயி என்றால் அக்கா), என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும், ஒரு நோட்டில் எங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டாள்.

நான் கெட்டில் பக்கம் போய் அந்தோணியம்மாளிடம் சொன்னேன். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ. "அத்தே, அம்மாவுக்குத் தெரியாது. கட்டின்னு சொல்லிருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிடுவேன். கேக்காத வரைக்கும் வாய்க்கு ஊக்கு போட்டுக்கறேன். எனக்கு அது எவ்ளோ கஷ்டம்னு எங்க வீட்டுக்காரரைக் கேளு."

அம்மா கட்டிலிலிருந்து கேட்டாள். "உனக்கும் கட்டிதானா?"

"ஆமாண்டி. கட்டிதான். ஆறு வருசமாச்சு."

17-9-98, வியாழன்

மூன்றாவது. டீ ரூமில் அந்தோணியம்மாள் ஒரு துணிப் பையைக் கொடுத்தார், ரவிக்கைக்குள் வைக்க. அங்கே வரும் பெண்களே தைப்பது. அம்மா அமுக்கிப் பார்த்தாள். "உள்ள இன்னா?"

"கடுகு. ஒரு பக்கம் எடை இல்லன்னா முதுகு கோணிக்கும்."

"தாளிக்கறத மார்ல கட்டிகினு போறதா?"

"வெயில்ல ரொம்ப நிக்காத. பொரிஞ்சிடும்."

அம்மா சிரித்தாள். ஜூன் மாதத்திலிருந்து நான் கேட்காத சிரிப்பு. மொட்டைத் தலையில் முக்காடு நழுவியது, அதைக்கூடச் சரிசெய்யவில்லை.

20-9-98

மூன்று நாளாகப் படுத்தே கிடக்கிறாள். வாயெல்லாம் புண். ரசத்தைக்கூட விழுங்க முடியவில்லை.

27-9-98, ஞாயிறு

அம்மா இனிமேல் ஊசிக்கு வரமாட்டாளாம்.

அப்பா சோறு தின்னும்போது சொன்னாள். "ரத்தம் ஊறுதுன்னு சொல்லி இருக்கற ரத்தத்தையும் உறிஞ்சறாங்க. கட்டியத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் இன்னா? முருங்கக்கீரை தின்னா ஊறாத ரத்தமா? தீபாவளிக்கு ஊருக்குப் போறோம். பொங்கல் வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

"டாக்டரு ஆறுன்னாரே" என்றார் அப்பா.

"அவருக்கின்னா? அவர் தலையா மொட்டை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவள் சொல்வது நியாயம்தான். சத்து மருந்துக்காக யார் இவ்வளவு படுவார்கள்? நான் சொன்னதை அவள் நம்பினாள். நம்பினதாலதான் வேணாங்கறா. நான் அன்னிக்கு வாயை மூடிகினு இருந்திருக்கலாம். ஏன்டி சொன்ன. ஏன் சொன்ன.

30-9-98

அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார், பதினாறாம் தேதிக்கு. எனக்குக் கோபம். வாசலில் நின்று கேட்டேன். "இன்னா சொல்லி அவளை ஊசிக்கு இட்டுகினு போறது, நீயே சொல்லு?" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

3-10-98, சனி

ரேஷன் கடை என்று பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாக பஸ் ஏறினது இதுதான் முதல் தடவை. மாதத்தின் முதல் சனிக்கிழமை டீ ரூமில் வீட்டார் மட்டும் கூடுவார்கள், நோயாளிகள் வரமாட்டார்கள் என்று தேஜஸ்வினி தாயி சொல்லியிருந்தாள்.

ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பேச விருப்பமிருந்தால் பேசலாம். என் முறை வந்தபோது "மாஜீ ஆயீ" என்றேன். என் அம்மா. அதற்கு மேல் வரவில்லை. யாரும் மோட்யானே போல் என்று சொல்லவில்லை. டீ கொடுத்தார்கள்.

முகமது ரஃபீக் என்று ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறார், மனைவி போன வருஷம் தவறிவிட்டாராம். இன்னும் வருகிறார். ஹிந்தியில் சொன்னார்: "நாங்களும் சொல்லவில்லை. சோலாப்பூரில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கணும் என்றாள். உடம்பு தேறட்டும், ஈத் கழித்துப் போகலாம் என்றேன். அவளும் சரி, ஈத் கழித்து என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே என் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருப்பாள்." அவ்வளவுதான் சொன்னார். சாவியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன்.

8-10-98, வியாழன்

இன்று நாலாவது. போகவில்லை. அம்மா முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்தனுப்பினாள்.

14-10-98, புதன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். முடிகிறதா பார்க்கிறேன்.

காலையில் குழாயடி. சுமன் காக்கூ என் குடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு போஸ்ட்கார்டு. போஸ்ட்மேன் தவறி அவர் வீட்டில் போட்டுவிட்டானாம். தேஜஸ்வினி தாயி மராட்டியில் எழுதியிருந்தாள். எட்டாம் தேதி உங்களைக் காணவில்லை, எப்போது வந்தாலும் சரி, டீ சூடாக இருக்கிறது என்று. ஆஸ்பத்திரி பெயர் இருந்தது. நோயின் பெயர் இல்லை.

"படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மாவிடம் கொடுத்திருப்பேன். அவள்தான் என்னோடு கட்டி ஆயிற்றே" என்றார் காக்கூ.

எனக்குப் புரியவில்லை. கட்டியா?

"சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுக்க வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சில் கை வைத்து, கண்ணீரோடு, 'காக்கூ, மலா கட்டி, கட்டி' என்றாள். நான் என்னம்மா செய்தேன்? சின்னப் பிள்ளையா நான், மூஞ்சிக்கு நேரே கட்டி சொல்ல? எழுந்து வந்துவிட்டேன். ஆபரேஷன் என்று கேட்டு மனசு பொறுக்காமல் கிச்சடி வைத்தேன். அப்போதும் அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை."

இங்கே பிள்ளைகள் சண்டை போட்டால் கட்டி என்பார்கள். உன்னோடு பேச்சில்லை என்று அர்த்தம். மறுபடி சேர்ந்தால் பட்டி. தெருவில் தினமும் கேட்கிறேன். அம்மா சொன்ன கட்டி அது இல்லையே. ஐயோ. அவள் நம்ம கட்டியைச் சொன்னாள். தெரிந்த நாலு மராட்டி வார்த்தையில் ஒன்றைத் தமிழோடு ஒட்டி, எனக்குக் கட்டி என்று சொன்னாள். சங்கராந்திக்கே. எங்கள் யாருக்கும் சொல்லாமல் காக்கூவிடம் சொன்னாள். காக்கூ எழுந்து போய்விட்டார்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "எங்கள் பாஷையில் கட்டி என்றால் அது இல்லை காக்கூ. உடம்பில் வருவது. காட்."

"காட்?" காக்கூ தன் மார்பைத் தொட்டார். "கேன்சரா?"

இதுவரை என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. "ஹோ" என்றேன், ஆமாம் என்று.

காக்கூ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ போ. நாலு மணிக்கு ரவையில் ஷிரா கிண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் பாவி, அவளைப் பார்க்க வேண்டும்" என்றார். அவர் மெதுவாகப் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும். கேன்சர் என்ற வார்த்தைக்கு மராட்டி தெரியவேண்டியதில்லை.

நாலு மணி வரைதான் நேரம்.

அம்மா டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பாவாடை மடித்தேன். "ம்மா, அது ரத்தம் ஊறுற மருந்து இல்ல."

"எது?"

"அந்த செவப்பு ஊசி. நான் சும்மா சொன்னேன். கட்டி... அது கேன்சரும்மா. எடுத்தப்புறமும் உள்ள எங்கயாச்சும் இருக்கும். அதைக் கொல்லத்தான் அந்த மருந்து. அதனாலதான் முடியெல்லாம்."

அம்மா கையில் இருந்த புடவையை மடித்து முடித்தாள். பெட்டியில் வைத்தாள். மேலே தட்டினாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்கு. டாக்டருக்கு. டீ ரூம்ல. இன்னிக்கு காக்கூவுக்கு."

"எல்லாருக்கும். எனக்குத்தான் தெரியாது." குரல் ஏறவில்லை. "என் ஒடம்பு இது. என் மாரை அறுத்தாங்க. நீ பக்கத்துல நின்னுகினு ரத்தம் ஊறுதுன்ன. நான் கையை நீட்டினேன்."

நான் அவள் கையைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் காக்கூ வந்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். "கட்டி நாஹீ, பட்டி! பட்டி!" அம்மா அழவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள். "இன்னா பட்டின்றா? ஆட்டுப்பட்டியா?"

என்னிடம்தான் கேட்டாளா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொன்னேன். சங்கராந்தி அன்றைக்கு நடந்தது முழுவதையும், சுவருக்கே சொல்வதுபோல. அம்மா ரொம்ப நேரம் காக்கூவின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

15-10-98

அம்மா என்னோடு பேசவில்லை. அப்பாவோடும் இல்லை. தட்டு வைக்கிறாள், எடுக்கிறாள்.

"சொல்லிட்டியா" என்றார் அப்பா. அடிப்பார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அம்மா மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூணாம் நாளை எண்ணுகிறார்.

16-10-98, வெள்ளி

அப்பா பெட்டியைத் தூக்க வந்தபோது அம்மா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போறது? அதைச் சுமந்துகினு ஊருக்கா?" அப்புறம் ஒரேயடியாகப் பேசினாள். "பொங்கலுக்குக் கோலம் போடக் குனிஞ்சேன், கையில தட்டுச்சு. கோலி மாதிரி. உன்கிட்ட சொல்லக் கூச்சம். அவகிட்ட சொன்னேன், அவ கையை உதறிகினு எழுந்து பூட்டா. கேட்டதுக்கே இப்படி ஓடறாளே, அவ்ளோ கெட்டதான்னு வாயை மூடிகினேன். அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசம் என் தப்பு. அதுக்கப்புறம் உங்க தப்பு. இன்னா நோவு, இன்னா மருந்துன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா பல்லைக் கடிச்சிகினு போயிருக்க மாட்டனா? ரத்தம் ஊறுதாம் ரத்தம்."

அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். "எங்க பெரிப்பா..." என்றார்.

"உங்க பெரிப்பாவுக்கு எம்பது வயசு" என்றாள் அம்மா.

19-10-98, தீபாவளி

என் தலைக்கு அம்மா எண்ணெய் வைத்தாள். பேசவில்லை. முடியை இழுத்து இழுத்துத் தேய்த்தாள். வலித்தது.

22-10-98, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா நேராக டீ ரூமுக்குள் போய் அந்தோணியம்மாளின் முன்னால் நின்றாள்.

"உனக்கும் கேன்சருதான?"

"அப்பாடா! ஆமாண்டி. ரெண்டு மாசமா ஊக்கு குத்தி வாயே புண்ணாப்போச்சு." இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். நான் டீ வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா கண்ணைத் துடைத்திருந்தாள்.

டாக்டர் அறை வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். எட்டு நாளைக்கு அப்புறம் என்னிடம் நேராகப் பேசியது. "நான் கேக்கறத மட்டும் கேளு. அவரு சொல்றத அப்படியே சொல்லு. நடுவுல வெல்லம் போடாத."

சரி என்றேன்.

உள்ளே போனோம். டாக்டர் ஃபைலைப் பார்த்துவிட்டு ஏன் எட்டாம் தேதி வரவில்லை என்று திட்டினார். அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முக்காட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் பொழைப்பனான்னு கேளு."

இதை எப்படி மராட்டியில் கேட்பது? அம்மா பிழைப்பாளா என்றா? இல்லை. அவள் கேட்டது போலவே கேட்டேன். "மீ வாசேன் கா?" நான் பிழைப்பேனா?

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். என்னை அல்ல, அம்மாவை. மெதுவாகப் பேசினார். பேசி முடித்துவிட்டு நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ சொல்ல முடியாதாம்மா" என்றேன். "ஆறும் முடிஞ்சப்புறம் டெஸ்ட் எடுத்துப் பாக்கணுமாம்."

ரெண்டு வாரம் விட்டது நல்லதில்லை என்றும் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன்.